ஒருபக்கத் தாள்

கல்முனையில் தாளை மதிப்பிடுவதில் காலிதீனை மிஞ்ச ஆளில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். புது ரீம் கைக்கு வந்தால் முதலில் உறையைத் திருப்பி, எந்தப் பக்கத்தில் முதலில் அச்சடிக்க வேண்டும் என்று காட்டும் அம்புக்குறியைத் தேடுவார். பிரித்ததும் விளிம்பைப் பெருவிரலால் ஓட்டி விசிறுவார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஈர வாடை அடிக்கிறதா என்று பார்ப்பார். அவருடைய அச்சுக் கடையிலிருந்து கடல் அரை மைல் தூரம்தான். உப்புக் காற்றுப் பட்ட தாளை லேசர் பிரிண்டருக்குள் விட்டால் சூட்டில் சுருண்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே வந்தாலும் எழுத்து மங்கி, கை பட்டால் கரியாக உதிரும். அதனால் பாவிக்கிற ரீமைச் சொப்பிங் பேக்கில் சுற்றி வாயை இறுகக் கட்டி வைத்திருப்பார். மெல்லிய தாள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும். தடித்த தாளில் மைத் தூள் சரியாகப் பிடிக்காது. எண்பது கிராம், அளவான வழுவழுப்பு, நல்ல உலர்வு. அதுதான் தன் மெஷினுக்குத் தீன் என்பார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. பிரதேச செயலகத்துக்கும் கோட்டு வழக்குகளுக்கும் போகிறவர்கள் அவருடைய கொமினிகேஷன் கடையில்தான் மனு அடிப்பார்கள். காணித் தகராறு, தாபரிப்புப் பணம் கேட்கும் வழக்கு, வெளிநாட்டில் காணாமல் போன மகனின் சங்கதி என்று ஊரின் பாதி வில்லங்கம் அவருடைய விரல்வழியே போயிருக்கிறது. "என்ட கடைக்குள்ள வந்த கதை வெளிய போகா," என்பார். போனதும் இல்லை. அதற்கு அவருடைய நற்குணம் மட்டும் காரணமென்று சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருடம் அடித்த கை. கண்ணில் விழுந்தது நேரே விரலுக்குப் போய்விடும், நடுவில் மண்டையில் தங்குவதில்லை.

அம்ஹாவின் மனு தங்கியது.

நாட்டில் பெற்றோலும் சமையல் காஸும் மின்சாரமும் இல்லாமல் போன அந்த மார்ச் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை அவள் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். ஊர் இறக்காமம். அவளுடைய வாப்பா இரண்டு ஏக்கர் வயலை விற்றுக் கல்முனையில் வீடு கட்டி, அதைச் சீதனமாக எழுதி றிஷாட்டுக்கு அவளைக் கொடுத்திருந்தார். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். அது பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடி விழும்போது அதன் அருமை தெரியும். கோபித்துக்கொண்டு எங்கே போவது? இருக்கிறதே அவளுடைய வீடுதானே.

றிஷாட்டைக் காலிதீனுக்கும் தெரியும். சவளக்கடைப் பக்கம் நெல் வாங்கி மில்லுக்குக் கொடுக்கிறவன். பள்ளிவாசலில் முன் வரிசை. ஜனாஸா, மரண ஊர்வலம் என்றால் லொறியைக் கேட்காமலே அனுப்பிவைப்பான். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான பொடியன் என்பார்கள்.

மனு, முஸ்லிம் திருமண வழக்குகளை விசாரிக்கும் காழியாருக்கு. பஸஹ் கேட்டு, அதாவது புருஷனுடனான திருமணத்தை முறித்துத் தரும்படி மனைவி கேட்பது. அவள் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் காலிதீன் அடித்தார். நடுவில் விரல் நின்றது. *ஏழாம் மாதத்தில் என் வயிற்றில் உதைத்தார். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஒரு இரவு உயிரோடு இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டொக்டரிடம் சொன்னேன். அது பொய். அப்படிச் சொல்லச் சொன்னது என் கணவர்.*

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பிரதியில் அடையாள அட்டை இலக்கம் ஒன்று பிழையாக விழுந்துவிட்டது. இரண்டாவதில் 'அது பொய்' என்ற வசனத்தை எடுத்துவிடச் சொன்னாள். டொக்டரிடம் பொய் சொன்னதற்குத் தன்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். எடுத்து அடித்துக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாவது பிரதிதான் சரிவந்தது. வழக்கு விசயம் என்பதால் எல்லாவற்றையும் நல்ல தாளில்தான் அடித்தார். பழுதுபட்ட இரண்டையும் பழக்கதோஷத்தில் மேசைக்குக் கீழிருந்த பெட்டிக்குள் போட்டார்.

"காக்கா, காழியார் நோட்டிஸ் அனுப்ப ஒரு கிழமை புடிக்குமாம்," என்றாள் அம்ஹா. "சனிக்கிழமை மகளயும் கூட்டிட்டு இறக்காமத்துக்குப் போறன். தங்கச்சிக்குப் புள்ள பொறந்து நாப்பதாம் நாள். அதுக்கு விடுவார். நோட்டிஸ் வரக்குள்ள நான் வாப்பாட ஊட்ட இருப்பன். அதுக்கு முதல் அவருக்குத் தெரியப்படா."

"என்ட கடையால ஒண்டும் வெளிய போகா தங்கச்சி."

இனித் தாளின் கதை. அந்த மாதம் கல்முனைக் கடைகளில் பேப்பர் இல்லை. கொழும்புப் பக்கம் பேப்பர் இல்லாமல் பரீட்சையையே தள்ளிவைத்த காலம் அது. காலிதீனிடம் பிரிக்காத ரீம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கோட்டு வேலைக்கென்று அதை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு, மற்ற வேலைகளுக்கு மேசைக்குக் கீழிருந்த பெட்டியில் கை வைத்தார். ஒரு பக்கம் அச்சாகி, மறு பக்கம் வெறுமையாகக் கிடந்த பழுதான தாள்கள். நல்ல காலத்தில் அவற்றை மெஷினுக்குப் பக்கத்திலும் விட்டதில்லை. ஒருமுறை சூடுபட்ட தாள் வளைந்திருக்கும். ஊசி குத்திய தாள் உள்ளே உருளையைக் கீறிவிடும். ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், பிரிண்டருக்கும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை நளீம் சேர் வந்தார். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறு ரியூஷன் கொடுக்கிறவர். நாற்பத்தாறு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் வினாக்கொத்து வேண்டும், பின்பக்கத்தில் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்றார். காலிதீன் பெட்டியைக் கவிழ்த்து, வெறும் பக்கம் மேலே வரும்படி அடுக்கி, தாள் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். மடிப்பு விழுந்ததை ஒதுக்கினார். ஊசித்துளை இருந்ததை ஒதுக்கினார். பழுப்பேறியதை, ஓரம் சுருண்டதை, மெல்லியதை எல்லாம் ஒதுக்கினார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார். அப்படிச் சலித்தெடுத்தால் எது மிஞ்சும்? வழக்குக்காரரின் தாள்தான். அவர்களுக்குத்தானே நல்ல தாளில் அடித்துக் கொடுத்திருந்தார். நேற்று அடித்த இரண்டு தாள்கள் அயர்ன் பண்ணியதுபோல் நேராக இருந்தன. அவற்றைத் தனியே மெச்சி, கட்டின் நடுவில் வைத்தார்.

தாளைத் தடவிப் பார்த்த மனிதர் ஒரேயொரு தரம் திருப்பிப் பார்த்திருக்கலாம். அதைத்தான் அவர் செய்யவில்லை.

வியாழக்கிழமை பகல் அம்ஹா மறுபடியும் வந்தாள். திருமணச் சான்றிதழின் போட்டோக் கொப்பி கேட்டார்களாம். எடுத்துக் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"காக்கா, அண்டைக்குப் பிழைச்ச ரெண்டு தாளும்?"

"அண்டைக்கே கிழிச்சிப் போட்டன்," என்றார் காலிதீன்.

பொய் சொல்கிறோம் என்ற நினைப்போடு அவர் சொல்லவில்லை. இப்போது கிழித்துவிட்டால் அண்டைக்குக் கிழித்ததும் இண்டைக்குக் கிழித்ததும் ஒன்றுதானே என்ற கணக்கு. அவள், "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யோணும் காக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் மேசைக்குக் கீழே குனிந்து பெட்டியை இழுத்தார். மடிப்பு விழுந்த தாள்களும் பழுப்பேறிய தாள்களும் கிடந்தன. நல்ல தாள் ஒன்றுகூட இல்லை.

 அப்போதுதான் நாற்பத்தாறு தாளும் செவ்வாய்க்கிழமையே பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் நியாயமான மனிதர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்ஹா இன்னும் சந்தியைத் தாண்டியிருக்கமாட்டாள். கூப்பிட்டு, 'தங்கச்சி, பிழை நடந்துபோச்சு, சனிக்கிழமை வரைக்கும் நிற்காத, இண்டைக்கே புள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறு' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், கிழிச்சிப் போட்டன் என்று சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலிதீனுக்கு அது முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் இரண்டு தாளையும் திரும்ப எடுத்துவிடுவேன் என்று நினைத்தார். அந்த ஐந்து நிமிட வெட்கத்துக்கான விலையை வேறொருத்தி கட்டினாள்.

நளீம் சேரின் வீட்டுக்குச் சைக்கிளில் போனார். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தீர்ந்து பத்து நாள்.

"சேர், அந்த டோனர் சரியில்ல. எழுத்து உதிருது. புள்ளையள்ட கையெல்லாம் கறுப்பாகும். புதுசா அடிச்சி நானே ஊடு ஊடாக் குடுத்து மாத்திர்றன். பேர் லிஸ்ட் ஒண்டு தாங்க."

"அடுத்த செவ்வாய் கிளாஸில குடுப்பம் காக்கா, என்னத்துக்கு அலையிற?"

"இல்ல சேர். என்ட கடைப் பேர் கெட்டிரும்."

கடைப் பேர் என்றதும் நளீம் சேர் நம்பிவிட்டார். தாள் விசயத்தில் காலிதீன் ஒரு கிறுக்கு என்பது தெரிந்ததுதானே. நாற்பத்தாறு பேரும் தெருப்பெயரும் எழுதிக் கொடுத்தார்.

கரண்ட் வர நாலரை மணியானது. அலுமாரியைத் திறந்து, பூட்டி வைத்திருந்த கடைசி ரீமைப் பிரித்தார். அம்புக்குறியைத் தேடவில்லை, விசிறவில்லை. நாற்பத்தாறு தாளை அடித்து எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அன்று பொழுதிறங்கி மஃரிப் தொழுகைக்கு முதல் பத்தொன்பது வீடு. ஒவ்வொரு வாசலிலும் அதே டோனர் கதை. தாளை வாங்கி, வாசலைத் தாண்டியதும் திருப்பிப் பார்ப்பார். யாரோ ஒருவரின் காணி எல்லை. யாரோ ஒருவரின் மின்சாரக் கட்டண முறைப்பாடு. ஒருவரின் நோய் விபரமும் இருந்தது.  அவ்வளவு காலமும் தன் கடைக்குள் வந்த கதை வெளியே போகாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நாற்பத்தாறு வீட்டுக்குத் தன் கையாலேயே அனுப்பி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். மனைவி சுபைறா ஏனென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மருதமுனைப் பக்கம் போனார். அங்கே ஒரு பொடியன் வினாக்கொத்தைக் கோதுமை மாப் பசையால் படிக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தான். கழற்றமாட்டேன் என்று நின்றான். காலிதீன் அவனுடைய உம்மாவிடம் கெஞ்சி, வெந்நீர் வாங்கி, துணியால் நனைத்து ஓரம் ஓரமாக உரித்தார். சுவர்ப்பக்கம் இருந்தது அம்ஹாவின் மனு. அடையாள அட்டை இலக்கம் பிழைத்த முதல் பிரதி. யாரும் வாசித்திருக்க வாய்ப்பில்லை, சுவரைத் தவிர. காலிதீனுக்கு அழுகை வந்தது. அல்லாஹ் மறைத்துத் தந்திருக்கிறான், மற்றதையும் தருவான் என்று நெஞ்சு சொன்னது. ஈரத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பொடியன் அவரை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

பதினொரு மணிக்குள் நாற்பத்தைந்து தாள் கையில் இருந்தது. மிஞ்சியது சாய்ந்தமருதில் ஒரே வீடு. ஓய்வுபெற்ற அதிபர் மீராமுகைதீனின் வீடு. கதவு பூட்டியிருந்தது. குடும்பமே காஸ் கியூவில் நிற்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காலிதீன் அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

தொழுகை முடிந்து அவர் திரும்பிப் போனபோது மீராமுகைதீன் முன் விறாந்தையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். காலிதீன் டோனர் கதையைத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உட்காருங்க காலிதீன். நீங்க என்னத்துக்கு வந்த எண்டு எனக்கு வெளங்குது. மகள்ட கொப்பிக்குள்ள கிடந்தத நேத்து நான்தான் கண்டன். வாசிக்காம விட்டிருக்கலாம், வாசிச்சிட்டன். ஆருக்கும் காட்டல்ல. பொஞ்சாதிக்கும் காட்டல்ல. மகளும் பின்பக்கம் பார்க்கல்ல."

காலிதீனுக்கு உயிர் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். தாங்க சேர், நான் கொண்டுபோறன்."

"என்னட்ட இல்லியே. ஒரு முஸ்லிம்ட குறைய நாம மறைச்சா, நம்முட குறைய அல்லாஹ் மறைப்பான். அப்பிடியான கடிதம் ஊட்ட வெச்சிரிக்கிறதும் பிழை, கிழிக்கிறதுக்கும் நமக்கு உரிமை இல்ல. நாலா மடிச்சி, இப்ப ஜும்ஆ முடிஞ்சோடன சம்பந்தப்பட்ட ஆள்ட கையிலயே குடுத்திட்டன்."

"ஆர்ட கையில சேர்?"

"றிஷாட்ட கையிலதான். வேற ஆர்ட்டக் குடுக்கிற? அவன்ட குடும்ப விசயம்." மீராமுகைதீன் குரலைத் தாழ்த்தினார். "பாவம் பொடியன். என்ட கையப் புடிச்சிட்டு அழுதிட்டான். என்ட வாப்பாட இடத்தில இருந்து செஞ்சீங்க எண்டான்."

அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நன்மை செய்த மனிதரின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவன் ஒருவன் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால் நாலு பேரிடம் காட்டிச் சிரித்திருப்பான், கதை பரவி அவள் காதுக்கும் போயிருக்கும், அவள் ஓடித் தப்பியிருப்பாள். நல்ல மனிதர் கையில் கிடைத்ததால் அது மறைவாக, மரியாதையாக, யாருக்கு மட்டும் போகக்கூடாதோ அவனுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

காலிதீன் தெருவுக்கு வந்து சட்டைப்பையிலிருந்த தாளை விரித்தார். பசை காய்ந்து மொரமொரத்தது. அடியில் அம்ஹாவின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அடித்தார். நாலு தரம் மணி போனது.

"அஸ்ஸலாமு அலைக்கும்." ஆண் குரல். "கொமினிகேஷன் எண்டு விழுது. காலிதீன் காக்காவா?"

"வ அலைக்கும் ஸலாம். ஓம் தம்பி. தங்கச்சி..."

"ஊட்டதான் இரிக்கா. நல்லா இரிக்கா. நானும் உங்களோட கதைக்கத்தான் இருந்தன். நாளைக்குக் காலையில கடை தொறப்பீங்களா? ஒரு கடிதம் அடிக்கோணும்."

போன் வைக்கப்பட்டது. காலிதீன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்த வீட்டுத் தெருவுக்குப் போனார். கேற் சாத்தியிருந்தது. ஜன்னல்களும் சாத்தியிருந்தன. உள்ளே எங்கோ பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை. கேற்றில் கை வைத்தார். தட்டவில்லை. தட்டினால் என்ன சொல்வது என்று நின்றார். பொலிசுக்குப் போனாலும் என்ன சொல்வது? புருசன் பொஞ்சாதி சண்டைக்கு நீ யார் என்பார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள், பிறகு அந்தத் தாளின் கதையைச் சொல்ல வேண்டிவரும். ஒரு சத்தம் கேட்டிருந்தால் உள்ளே போயிருப்பேன் என்று அன்றிரவு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் எதுவும் கேட்கும்வரை அவர் நிற்கவில்லை என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார்கள். றிஷாட் வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அம்ஹா பின்னால் வந்தாள். அவள் ஒருநாளும் முகம் மூடி வந்ததில்லை. இன்று நிகாப் போட்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது, இடது கண் பாதிதான் திறந்திருந்தது. கதிரையில் உட்காரும்போது ஒரு கையால் மேசையைப் பிடித்து, மெல்ல மெல்ல அமர்ந்தாள்.

"பேப்பர் இல்ல தம்பி," என்றார் காலிதீன். ராவெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனம் அது.

"தெரியும் காக்கா. பேப்பருக்கு நாடே கஷ்டப்படுது." றிஷாட் கைப்பையிலிருந்து பிரிக்காத ரீம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். "மில்லில சொல்லி எடுத்தன். எண்பது கிராம். மிச்சத்த நீங்களே வெச்சிக்கங்க."

காலிதீன் அதைத் தொடவில்லை. "தம்பி, அந்தத் தாள் வெளிய போனது என்ட பிழை. இந்தப் புள்ள ஆருக்கும் குடுக்கல்ல. நான்தான் பின்பக்கம் பார்க்காம அடிச்சன்."

"அது எனக்குத் தெரியுமே. உங்கள்ல எனக்கு ஒரு கோவமும் இல்ல. உங்களாலதானே எனக்கு நேரத்தோட தெரிஞ்ச." சிரித்தபடிதான் சொன்னான்.

காலிதீன் அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.  "தங்கச்சி, நான் உங்களுக்குப் பொய் சொல்லிட்டன். அண்டைக்குக் கிழிக்கல்ல. நீங்க சொன்னா நான் இதை அடிக்கமாட்டன். என்ன வந்தாலும் சரி, காழியார்ட்ட வந்து நடந்ததச் சொல்றன்."

இரண்டு நாளைக்கு முன்னர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. றிஷாட் குறுக்கே பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை.

"மகள் ஸைனம்பு மச்சிட ஊட்ட இரிக்கா காக்கா," என்றாள் அம்ஹா. ஸைனம்பு றிஷாட்டுக்கு மூத்த ராத்தா. "கடிதத்தக் குடுத்திட்டு வந்தாத்தான் கூட்டிட்டு வாறதாம். அடிங்க."

அவர் ரீமைப் பிரித்தார். மெஷினைப் போட்டார். றிஷாட் பின்னால் நின்று, பள்ளிவாசல் அறிவித்தல் வாசிக்கிறவனைப் போல நிதானமாகச் சொல்லச் சொல்ல, காலிதீன் அடித்தார். கடந்த திங்கட்கிழமை நான் சமர்ப்பித்த மனுவை வாபஸ் பெறுகிறேன். அது மனக் குழப்பத்தில் எழுதப்பட்டது. என் கணவர் என்னை ஒருபோதும் துன்புறுத்தியதில்லை. என்னுடைய கவனக்குறைவினால் நானே குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எல்லாச் சொல்லும் கண்ணில் விழுந்து, விரலுக்குப் போகாமல் மண்டையில் போய்க் குத்தி நின்றது. ஒவ்வொன்றையும் அங்கிருந்து பிடுங்கி எடுத்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது.

"பிள்ளை பதினான்காம் திகதி மரணித்தது இறைவனின் நாட்டமாகும்," என்றான் றிஷாட்.

காலிதீன் அடித்து முடித்தார். அப்போது, வந்ததிலிருந்து கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"பதினாலு இல்ல காக்கா."

றிஷாட் திரும்பிப் பார்த்தான்.

"பதினைஞ்சு," என்றாள் அம்ஹா. "விடிய சுபஹுக்கு பாங்கு சொன்னதுக்குப் புறகுதான் மவுத்தாகின. அதுவரைக்கும் மூச்சு இரிந்திச்சு. நான்தான் பக்கத்தில இரிந்தன்."



"பதினைஞ்சு எண்டே போடுங்க," என்றான் றிஷாட். "அதுல ஒண்டும் இல்ல."

காலிதீன் நாலை அழித்துவிட்டு ஐந்தை அடித்தார்.